விற்கும்போதும் விழிப்பாக இருங்கள்! (ஜும்ஆ பயான்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

    

வியாபாரத்தில் மோசடி என்று மிம்பரில் பேச்சு வந்தால், நமக்கு உடனே நினைவுக்கு வருவது அந்த தானியக் குவியல் சம்பவம்தான். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். (முஸ்லிம்: 102)

அங்கே விற்றவர் மறைத்தார், வாங்குபவர் ஏமாற இருந்தார். இன்று நான் பேசப்போவது இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பற்றி. பொருளை விற்பவர் ஏமாறுகிறார், வாங்க வருகிறவன் ஏமாற்றுகிறான். வளைகுடாவுக்குப் புறப்படும் தம்பி தன் பைக்கை ஓஎல்எக்ஸில் போடுகிறார். வீடு மாறும் குடும்பம் பழைய பீரோவை ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போடுகிறது. பக்ரீத் நெருங்கினால் வாட்ஸ்அப் குரூப்பில் ஆட்டின் போட்டோ வருகிறது. போட்ட பத்து நிமிடத்தில் போன் அடிக்கிறது. அந்தப் போனை எடுப்பதற்கு முன் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

சந்தைக்கு வருகிறவரும் போனில் வருகிறவரும்

நம் மாவட்டத்துச் செஞ்சியில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. அங்கே ஆடு வாங்க வருகிறவர் என்ன செய்கிறார்? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். முதுகைத் தடவுகிறார். தூக்கி எடை பார்க்கிறார். கால் நொண்டுகிறதா என்று நடக்க விட்டுப் பார்க்கிறார். பிறகு, ஆடு இளைத்திருக்கிறது என்பார், விலை அதிகம் என்பார், போவது போல் நடப்பார், திரும்பி வருவார். ஐந்நூறு ரூபாய் குறைப்பதற்கு அரை மணி நேரம் நிற்பார். தன் பணத்தைக் கொடுக்கப் போகிறவர் அப்படித்தான் இருப்பார். அது அவருடைய உழைப்பு.

போனில் வருகிற மோசடிக்காரன் எப்படி இருக்கிறான்? பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டான். எத்தனை வருடம் ஆனது, பழுது உண்டா, பில் இருக்கிறதா, எதுவும் கேட்க மாட்டான். நீங்கள் சொன்ன விலைக்கு உடனே சம்மதிப்பான். நேரில் வந்து பார்க்க மாட்டான். ஆனால் பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்று துடிப்பான்.

அன்பர்களே, இதை முதல் அடையாளமாக மனத்தில் வையுங்கள். பொருளின் மீது அக்கறையே இல்லாமல், உங்கள் கூகுள் பே எண்ணின் மீது மட்டும் அக்கறை காட்டுகிறவன் வாங்க வந்தவன் அல்லன்.

எப்படி நடக்கிறது?

ஒரு சகோதரி பழைய தையல் மெஷினை ஆறாயிரம் ரூபாய்க்கு விற்க விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் அழைக்கிறான். ராணுவத்தில் இருக்கிறேன், சென்னையில் போஸ்டிங், மனைவிக்காக வாங்குகிறேன் என்கிறான். சீருடை போட்ட போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகின்றன. நாளை எங்கள் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும், பணத்தை முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன் என்கிறான்.

முதலில் ஐந்து ரூபாய் அனுப்புகிறான். “வந்ததா மேடம்?” வந்திருக்கிறது. அந்த ஐந்து ரூபாயில் சகோதரியின் சந்தேகம் போய்விடுகிறது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு வருகிறது. மேலே ‘ஆறாயிரம் ரூபாய் பெறுகிறீர்கள்’ என்று எழுதியிருக்கிறது. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் ஏறிவிடும் என்கிறான். போட்டதும் ஆறாயிரம் ஏறவில்லை, இறங்கிவிட்டது. அழைத்துக் கேட்டால், “அய்யோ, தவறாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள்” என்கிறான். இப்போது பன்னிரண்டாயிரம். போனதை மீட்கும் பதற்றத்தில் அதையும் செய்கிறார். மெஷின் வீட்டிலேயே இருக்கிறது, பதினெட்டாயிரம் போய்விட்டது.

படிப்பில்லாதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரியில், அன்றைய தில்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் பழைய சோஃபா ஒன்றை ஆன்லைனில் விற்க முயன்றபோது 34,000 ரூபாயை இழந்தார். இதே முறைதான். முதலில் ஒரு சிறு தொகை வந்தது, பிறகு க்யூஆர் கோடு வந்தது. ஒரு மாநில முதலமைச்சரின் வீட்டிலேயே நடந்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளை ஏளனம் செய்ய நமக்கு என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் ஒரே ஒரு விதியைப் புரிந்துகொண்டால் போதும். 2016-இல் நம் நாட்டில் யுபிஐ முறை வந்ததிலிருந்து இன்றுவரை இந்த விதி மாறவில்லை. பின் நம்பர் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கும், உங்கள் இருப்பை நீங்கள் பார்ப்பதற்கும்தான். பணம் உள்ளே வருவதற்குப் பின் தேவையில்லை. ஸ்கேன் தேவையில்லை. ஓடிபி தேவையில்லை. லிங்கைத் தொட வேண்டியதில்லை. மழை பெய்ய நீங்கள் வானத்தைத் திறக்க வேண்டுமா? பணம் தருகிறவர் தந்தால் அது தானாக வந்து சேரும். வாங்குகிற கை எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முன்பு ‘பணம் கேட்கும் கோரிக்கை’யை அனுப்பியும் ஏமாற்றினார்கள். தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை என்பிசிஐ நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அதனால் ஒரு கதவு அடைபட்டது. ஆனால் க்யூஆர் கோடும், போலி லிங்கும், போலி ஸ்கிரீன்ஷாட்டும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. நம் தமிழ் மக்கள் வாழும் சிங்கப்பூரிலும் கரோசெல் தளத்தில் பொருள் விற்பவர்களுக்கு, பணத்தைப் பெற்றுக்கொள்ள இதைத் தொடுங்கள் என்று லிங்க் அனுப்பி, வங்கி விவரங்களைப் பறித்த சம்பவங்களை அந்நாட்டுக் காவல்துறை எச்சரித்திருக்கிறது.

சரிபார்ப்பது சந்தேகப்படுவதாகுமா?

இங்கே நம் மக்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. அது நல்ல குணத்திலிருந்து வருகிற தயக்கம். “ஹஜ்ரத், ஒருவரைப் பற்றித் தவறாக எண்ணக் கூடாது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? பணம் வந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்த்தால் அவர் மனம் நோகாதா?” மோசடிக்காரன் பிடித்துக்கொள்வது இந்தத் தாட்சண்யத்தைத்தான். நாம் கொஞ்சம் தயங்கினால், “என்ன மேடம், நாட்டுக்காக நிற்கிற என்னையே நம்ப மாட்டீர்களா?” என்பான். நம் பெயரைப் பார்த்து அழகாக ஸலாமும் சொல்வான்.

இதற்கு அல்ஹுஜுராத் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அதன் 12-ஆவது வசனம், எண்ணங்களில் அதிகமானவற்றைத் தவிர்த்துக்கொள்ளும்படி முஃமின்களுக்குச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் 6-ஆவது வசனம், தீயவன் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படியும், இல்லாவிட்டால் பின்னர் வருந்த நேரிடும் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில், ஆறு வசன இடைவெளியில் இருக்கின்றன. ஆதாரமில்லாமல் ஒருவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டுவது பாவம். ஆதாரமில்லாமல் பணம் வந்துவிட்டது என்று முடிவு கட்டுவது பேதைமை.

ஸலாமைப் பற்றியும் குர்ஆன் பேசுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 94-ஆவது வசனத்தில், உங்களுக்கு ஸலாம் சொன்னவரை நீ முஃமின் அல்ல என்று தள்ளிவிடாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான். அந்த வசனத்திலும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற கட்டளை ‘தபய்யனூ’ என்ற சொல்லாக இரண்டு முறை வருகிறது. அல்ஹுஜுராத்தில் வந்த அதே சொல்! ஆக விசாரிப்பது என்பது குற்றம் சுமத்துவது அல்ல. நல்லவருக்கு அநியாயம் செய்துவிடாமலும், கெட்டவனிடம் ஏமாந்துவிடாமலும் காப்பது அதுவே. ஸலாமுக்கு அழகாகப் பதில் சொல்லுங்கள். பிறகு வங்கிக் கணக்கைப் பாருங்கள். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் மயங்குகிறவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஒருவருக்குச் சாட்சி சொல்ல இன்னொருவர் முன்வந்து, இவர் நல்லவர் என்றார். உமர் (ரலி) மூன்று கேள்விகள் கேட்டார்கள். இவருக்கு நீர் அண்டை வீட்டாரா? இல்லை. இவரோடு பயணம் செய்திருக்கிறீரா? இல்லை. தீனார், திர்ஹம் கொடுத்து வாங்கிப் பழகியிருக்கிறீரா? இல்லை. அப்படியானால் பள்ளிவாசலில் தலையைத் தாழ்த்தி உயர்த்துவதைப் பார்த்திருப்பீர், உமக்கு இவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் செய்தி பைஹகீயில் பதிவாகியிருக்கிறது. தொழுகையின் தோற்றத்தையே பணவிஷயத்தில் ஆதாரமாக ஏற்காத கலீஃபா, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோவை ஏற்றிருப்பார்களா? அந்தப் போட்டோவில் இருக்கும் உண்மையான ராணுவ வீரருக்கு, தன் அட்டை இப்படிச் சுற்றுவதே தெரியாமல் இருக்கலாம்.

இரத்தம் பூசிய சட்டை

யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தந்தையிடம் எப்படி வந்தார்கள்? இரவில் அழுதுகொண்டே வந்தார்கள். கையில் ஆதாரம் இருந்தது. பொய் இரத்தம் பூசிய சட்டை. அந்தச் சட்டையை யஃகூப் (அலை) அவர்கள் ஏற்கவில்லை. ஓநாய் கடித்திருந்தால் சட்டை கிழிந்திருக்குமே, இது கிழியாமல் இருக்கிறதே என்பதைக் கவனித்தார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள்.

இன்றைக்கு வருகிற ஸ்கிரீன்ஷாட் அந்தச் சட்டைதான். பச்சை டிக் இருக்கும், தொகை இருக்கும், நேரம் இருக்கும், உங்கள் பெயரும் இருக்கும். பணம் அனுப்பியது போலவே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. கடைக்கு வந்து, அண்ணே அனுப்பிவிட்டேன் பாருங்கள் என்று போனைக் காட்டிவிட்டுப் பொருளோடு போய்விடுகிறார்கள். வங்கி அனுப்பியது போலக் குறுஞ்செய்தியும் வரும். அது பத்து இலக்கத் தனிநபர் எண்ணிலிருந்து வந்திருந்தால், அது வங்கியின் செய்தியே அல்ல.

இதில் இன்னொரு வகையும் உண்டு. “2,500 அனுப்புவதற்குப் பதில் 25,000 அனுப்பிவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மீதியை உடனே திருப்பி அனுப்புங்கள்” என்று அழுவான். கூடவே ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும். பிறர் பணம் நம்மிடம் தங்கக் கூடாதே என்ற தக்வாவில் நாம் பதறுவோம். அவனும் அழுதுகொண்டேதான் வருகிறான். நீங்கள் சட்டையைப் பாருங்கள், கிழிந்திருக்கிறதா என்று. பேச்சைத் துண்டித்துவிட்டு, உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்பைப் பாருங்கள். பணம் வரவே இல்லை என்றால் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. உண்மையிலேயே வந்திருந்தால், வங்கிக்குத் தெரிவித்து வங்கி வழியாகவே திருப்புங்கள். அமானிதமும் நிறைவேறும், ஆபத்தும் இருக்காது.

நபி (ஸல்) கொடுத்த ஒரு வார்த்தை, ஒரு அவகாசம்

அருமைச் சகோதரர்களே! கொடுக்கல் வாங்கலில் திரும்பத் திரும்ப ஏமாந்துகொண்டிருந்த ஒரு ஸஹாபி இருந்தார். ஹப்பான் பின் முன்கித் (ரலி) என்று அறிஞர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். தலையில் பட்ட காயத்தால் அவருடைய சிந்தனையும் பேச்சும் பாதிக்கப்பட்டிருந்தன. குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இவர் வியாபாரம் செய்யாதபடி தடுத்துவிடுங்கள் என்று முறையிட்டார்கள். நபியவர்கள் அவரை அழைத்துச் சொன்னபோது, வியாபாரம் செய்யாமல் என்னால் இருக்க முடியாதே என்றார் அவர்.

நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கவில்லை. அவருக்கு ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். ‘லா கிலாப’. ஏமாற்றுக்கு இடமில்லை என்று பேரம் பேசும்போதே சொல்லிவிடும்படி சொன்னார்கள். (புகாரி: 2117) இன்னோர் அறிவிப்பில், முடிவை மாற்றிக்கொள்ள மூன்று இரவுகள் அவகாசமும் கொடுத்தார்கள் என்று வருகிறது. (இப்னு மாஜா: 2355)

ஒரு வார்த்தை, ஒரு அவகாசம். ஏமாறக்கூடிய ஒருவரைக் காக்க அல்லாஹ்வின் தூதர் கொடுத்த இரண்டு கேடயங்கள் இவை. இன்று ஆன்லைனில் விற்கிற ஒவ்வொருவருக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

வார்த்தை என்ன? முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: “நேரில் வந்து பாருங்கள். பணம் என் கணக்கில் ஏறியதை நான் பார்த்த பிறகுதான் பொருள். நான் எந்தக் கோடையும் ஸ்கேன் செய்ய மாட்டேன், எந்த லிங்கையும் தொட மாட்டேன், பின்னோ ஓடிபியோ தர மாட்டேன்.” அவ்வளவுதான். உண்மையாக வாங்க வந்தவருக்கு இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. மோசடிக்காரன் இதைக் கேட்டதும் ஒன்று கெஞ்சுவான், அல்லது கோபப்படுவான், அல்லது போனை வைத்துவிடுவான். மூன்றுமே உங்களுக்கு நல்லது.

இப்படிக் கறாராகப் பேசுவது முரட்டுத்தனம் என்று எண்ணாதீர்கள். இது ஷரீஅத் உங்களுக்குக் கொடுத்த உரிமை. ரொக்கத்துக்கு விற்ற பொருளை, விலை முழுவதும் கைக்கு வரும்வரை தன்னிடம் தடுத்து வைத்துக்கொள்ள விற்றவருக்கு உரிமை உண்டு என்று ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. அதற்கு ‘ஹப்ஸுல் மபீஃ’ என்று தனிப் பெயரே இருக்கிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? அல்பகராவின் 282-ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதல்ல, ஹஜ்ஜைப் பற்றியதல்ல. கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. எழுதிக்கொள்வது அவநம்பிக்கை என்றால், அல்லாஹ் அதை இவ்வளவு விரிவாகச் சொல்லியிருப்பானா?

இரண்டாவது கேடயம் அவகாசம். மோசடிக்காரனிடம் எப்போதும் ஓர் அவசரம் இருக்கும். வண்டி கிளம்பிவிட்டது, மேலதிகாரி நிற்கிறார், இப்போதே செய்யுங்கள், போனை வைக்காதீர்கள் என்பான். நிதானம் அல்லாஹ்விடமிருந்து, அவசரம் ஷைத்தானிடமிருந்து என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் வருகிறது. (திர்மிதி: 2012) ஆகவே அவசரப்படுத்துகிறானா, போனை வைத்துவிடுங்கள். ஒளூ செய்துவிட்டு அடுத்த வக்துத் தொழுகையைத் தொழுது முடியுங்கள். வீட்டில் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். உரக்கச் சொல்லும்போதே பாதிப் பொய் வெளுத்துவிடும். உண்மையாக வாங்குகிறவர் அஸருக்குப் பிறகும் வாங்குவார்.

நேரில் ஒப்படைக்கும்போதும் கவனம் தேவை. பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கொடுங்கள். பெண்கள் தனியாகப் போக வேண்டாம். பைக் என்றால், ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுக்கும் முன் கூட ஓர் ஆளை ஏற்றி அனுப்புங்கள். விற்ற தேதி, நேரம், வாங்கியவர் பெயர், கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றும்வரை அந்த வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. (திர்மிதி: 2517)

நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

ஏமாந்தவரின் பணம் எங்கே போகிறது? ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் மோசடிக்காரன் பெயரில் இருக்காது. கமிஷனுக்கு ஆசைப்பட்ட ஏதோ ஓர் இளைஞனின் பெயரில் இருக்கும். “உன் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறேன்” என்று கேட்டு வருகிறார்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லையே, கணக்கைத்தானே கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. திருடனுக்கு ஏணி பிடித்தவனும் திருடன்தான். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை போகும்.

இதை வெளியூர்க்காரர்களின் பாவம் என்று சொல்லி மிம்பரிலிருந்து நான் இறங்கிவிட முடியாது. 2023 ஏப்ரல் இறுதியில், ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் சுமார் 5,000 காவலர்கள் 14 கிராமங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி, ஆன்லைன் மோசடி தொடர்பாகப் பலரைப் பிடித்தார்கள். நூஹ் இருப்பது மேவாத் பகுதியில். மவ்லானா இல்யாஸ் (ரஹ்) அவர்கள் தஃவத் பணியைத் தொடங்கிய மண் அது. அங்கே விவசாயம் செய்து நேர்மையாக வாழும் மக்களே அதிகம். ஒரு சிலரின் பாவத்தை ஓர் ஊரின் மீதோ சமுதாயத்தின் மீதோ சுமத்துவது அநியாயம். அதற்காக அந்தப் பாவத்தைப் பேசாமல் மூடி வைப்பதும் நியாயமாகாது. தீன் வளர்ந்த மண்ணிலேயே இது நுழைய முடியும் என்றால், நம் தெருவில் நுழையாது என்று யார் உத்தரவாதம் தருவது?

மாற்று மதத்தவரின் பணம்தானே என்று எவனாவது சொன்னால், அவன் மார்க்கத்தை அறியாதவன். பிறர் பொருளைத் தவறான முறையில் உண்ணாதீர்கள் என்ற தடையில் மதம் பார்த்துச் சலுகை இல்லை. தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்து, ஒருவரின் பொருளைத் தின்றதற்காகவும் இன்னொருவரை அடித்ததற்காகவும் நன்மைகளையெல்லாம் பறிகொடுத்து நிற்பவரே என் உம்மத்தின் ஓட்டாண்டி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். (முஸ்லிம்: 2581) அந்தத் தையல் மெஷின் சகோதரியின் பதினெட்டாயிரத்துக்கு எத்தனை வருடத் தொழுகையைக் கொடுக்கப் போகிறோம்?

விற்கிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். பேசியது ஒருவர், பணம் வந்தது யாரோ முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து என்றால் நிறுத்துங்கள். அது வேறொருவரை ஏமாற்றி எடுத்த பணமாக இருக்கலாம். அந்தத் தடத்தைப் பிடித்து வரும் வெளி மாநிலக் காவல்துறை உங்கள் கணக்கை முடக்க வாய்ப்பிருக்கிறது. வாங்குகிறவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பேசிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஏமாந்துவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருவர் ஏமாறலாம். அப்போது முதல் வேலை அழுவதல்ல, வெட்கப்பட்டு மறைப்பதுமல்ல. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்திருங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். உங்கள் வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பணம் முதலில் போன கணக்கிலேயே இருந்தால் முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு. நான்கு கணக்கு தாண்டி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் கஷ்டம். தவக்குல் வைத்துவிட்டேன் என்று புகார் கொடுக்காமல் இருக்க வேண்டாம். அநியாயக்காரனைத் தடுப்பதும் அவனுக்குச் செய்யும் உதவி என்றே நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். (புகாரி: 2444) உங்கள் புகார் அடுத்த ஒருவரைக் காப்பாற்றும்.

இரண்டாவது, வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். பணத்தை இழந்து நிற்கும் மனைவியையோ, தாயையோ, பிள்ளையையோ வார்த்தையால் குத்தாதீர்கள். வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். மறைத்து, அதை மீட்கிறேன் என்று போய் மேலும் இழக்கிறார்கள். புகார் கொடுக்க வேண்டிய நேரமும் கைதவறிப் போகிறது. நீ எதற்கு இந்த வேலைக்குப் போனாய் என்று ஹப்பான் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கேட்கவில்லையே! அன்று குடும்பத்தார் தடை கேட்டார்கள், நபி (ஸல்) அவர்கள் கேடயம் கொடுத்தார்கள். நாமும் நம் வீட்டாருக்குக் கேடயம் கொடுப்போம். இன்று பள்ளியிலிருந்து போனதும், வீட்டில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்லுங்கள்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டாம். எதுவாக இருந்தாலும், எவ்வளவு போயிருந்தாலும், முதலில் என்னிடம் சொல், நான் திட்ட மாட்டேன்.

மூன்றாவது, இழந்தவருக்கு ஆறுதல். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து திருடப்பட்டதும் அவருக்கு ஸதகாவாகிறது என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். (முஸ்லிம்: 1552) உங்கள் உழைப்பிலிருந்து பறிபோனது அல்லாஹ்வின் கணக்கில் தொலையவில்லை. அந்தப் பாடத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ஒரே பொந்தில் முஃமின் இரண்டு முறை கொட்டுப்பட மாட்டார் என்பதும் நபிமொழிதானே! (புகாரி: 6133)

கடைசியாக, வாங்க வருகிறவனைச் சோதிக்கச் சொன்ன நான், விற்கிற நம்மையும் சோதிக்கச் சொல்லாமல் விட்டால் பயான் பாதியில் நிற்கும். போட்டோவில் பளபளக்கும் பைக்கின் இன்ஜின் புகை தள்ளுவதை நாம் சொன்னோமா? ஆட்டின் நோயை மறைத்தோமா? ‘லா கிலாப’ இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான். நாம் ஏமாற்றவும் கூடாது, ஏமாறவும் கூடாது.

யா அல்லாஹ்! எங்கள் பொருளாதாரத்தை ஹலாலாக ஆக்கி வைப்பாயாக! எங்கள் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரகத்தையும் தருவாயாக! எங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் ஏமாற்றுக்காரர்களின் சூழ்ச்சியிலிருந்து காப்பாயாக! எங்கள் இளைஞர்களின் கைகளை ஹராமான சம்பாத்தியத்திலிருந்து தடுப்பாயாக! ஏமாந்து மனமுடைந்து நிற்பவர்களுக்கு இழந்ததைவிடச் சிறந்ததைத் தந்து அவர்களின் மனதைத் தேற்றுவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.